கொந்தளிக்கும் சுடரின் இரைச்சலைக் கணிக்கும் மென்பொருள்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திறந்தவெளியில் எரியும் கொந்தளிப்பான சுடர்களின் இரைச்சலைக் கணிப்பதற்காக இந்த மென்பொருளை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதன் இயற்பியல் அடிப்படையில் குறை சொல்ல இடமில்லை. எரியும் வாயு சீராக விரிந்தால் ஓசை எழாது. வெப்ப வெளியீடு எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறதோ அதுவே தொலைவிலுள்ள மைக்ரோபோனில் அழுத்தமாகப் பதிவாகிறது. தாமஸ், வில்லியம்ஸ் ஆகிய இருவரும் 1966-இல் சோப்புக் குமிழிகளில் எரிவாயுக் கலவையை நிரப்பிக் கொளுத்திச் சோதித்த கருத்து இது.

மென்பொருள் தரும் இரு வழிகளில், சராசரி ஓட்டத்தை மட்டும் கொண்டு கணிக்கும் முதல் வழி விரைவானது, ஆனால் நம்பகமானதன்று. சுடரின் எவ்வளவு பகுதி ஒருசேரத் துடிக்கிறது என்பதற்கான நீள அளவை நாமே தர வேண்டியுள்ளது. அந்த நீளத்தை 25 விழுக்காடு கூட்டினால் கன அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, விடையும் 3 டெசிபல் உயர்ந்துவிடுகிறது. அளந்த மதிப்புக்கு ஏற்ப விடையை வளைப்பதற்கு இதைவிட வசதியான திருகு வேறில்லை.

பெருஞ்சுழல்களை நேரடியாகக் கணிக்கும் இரண்டாவது வழிக்காகவே இதை வாங்கலாம், அதில் ஒளிந்திருக்கும் ஒரு கண்ணியை அறிந்திருந்தால். என் கணிப்பில் காலப்படி, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், 5 மைக்ரோவினாடி. மென்பொருளோ, தன் இயல்பமைப்பின்படி, 100 படிகளுக்கு ஒருமுறைதான் வெப்ப வெளியீட்டைச் சேமித்தது. அதாவது வினாடிக்கு 2000 பதிவுகள். அவற்றிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரையே அறிய முடியும். அதற்கு மேற்பட்ட துடிப்புகள் கீழே மடங்கி விழுந்து, குறைந்த அதிர்வெண் துடிப்புகளைப் போலப் பதிவானதால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும், 800 ஹெர்ட்ஸை ஒட்டிச் சரிய வேண்டிய வரைகோடு நிமிர்ந்தே நின்றது. பர்னரைச் சந்தேகித்து இரண்டு வாரங்களை இழந்தேன். 10 படிகளுக்கு ஒருமுறை சேமித்ததும் கோடு மைக்ரோபோன் அளவீட்டோடு இணங்கியது. ஓர் எச்சரிக்கை வரியாவது திரையில் தோன்றியிருக்க வேண்டாமா?

சுடர் முழுவதையும் ஒரே புள்ளியாகக் கொள்ளும் அமைப்பையும் அணைத்துவிடுவது நல்லது. 200 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர் என்பதால் 30 சென்டிமீட்டர் சுடரைப் புள்ளியாகக் கருதலாம். 2000 ஹெர்ட்ஸிலோ அலைநீளம் 17 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுவதால் அது பொருந்தாது.

எரிவாயுச் சுழலிகளின் எரிகலன்களில் பணியாற்றுவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பத் திட்டுகள் குறுகிய வழியில் முடுக்கப்படும்போது எழும் மறைமுக இரைச்சலை இது கணக்கில் கொள்வதில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுடரையே அசைப்பதற்கும் இதில் வழியில்லை.