கல்முனைப் பக்கம் பெப்டைட் ஊசி போடுற கிளினிக் - அஞ்சில ரெண்டு ஸ்டார்

மாமிக்கு சீனி வருத்தத்தால ரெண்டு காலும் எரிவு, நாரி நோவும் சேர்ந்து ராவையில படுக்கவே ஏலாது. பெப்டைட் (புரதத்திட சின்னத் துண்டு மாதிரி) ஊசி போட்டா நரம்பு நோவு, முண்ணாண் அழற்சி (முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்புத் தண்டில வாற அழற்சி) எல்லாம் பறந்துடும் எண்டு பேஸ்புக்கில போட்டிருந்தாங்க, மட்டக்களப்பில இருந்து பஸ் ஏறிப் போனம். கிளினிக் பேர் போடல்ல, சண்டைக்கு வருவாங்க.

இடம் நல்லம். ஏசி, நல்ல கதிரை, பிளேன்டி கூட தந்தாங்க, வாசல்ல நிண்ட பிள்ள மாமிய கைபிடிச்சு உள்ள கூட்டிப் போச்சு. ரெண்டு ஸ்டாரும் அதுக்குத்தான்.

மறுகா ஊசி என்ன எண்டு கேட்டன். பிபிசி-157 (BPC-157, றேடியோ இல்ல) எண்டாங்க. குட்டிப் போத்தலுக்குள்ள வெள்ளைத் தூள், கரைச்சு வயித்துத் தோலுக்குக் கீழ போடுறதாம். திருப்பிப் பாத்தா ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசருக்குப் பாவிக்கக் கூடாது எண்டு இங்கிலீசில சின்ன எழுத்தில கிடக்கு. காட்டினா "அது சும்மா போடுறது அக்கா" எண்டு ஊசி போடுறவர் சிரிக்கார். மருந்து அதிகார சபைட பதிவு நம்பர் கேட்டன், இல்ல. இந்தச் சாமான் 15 அமினோ அமிலம் கோத்த ஒரு துண்டு, எலியில செஞ்ச ஆராய்ச்சிதான் கூட, மனுசரில பெருசா ஒண்டும் செஞ்சு பாக்கல்ல, அமெரிக்காவில எஃப்டிஏ (அங்கத்த மருந்து அதிகார சபை) அனுமதியும் இல்ல, 2022ல இருந்து விளையாட்டு வீரர்கள் போட்டா தடை.

அதுக்கு அவர் சொன்ன பதில்தான் கெட்டித்தனம். பெப்டைட் நோவு மருந்துக்கு அமெரிக்காவில 2004லயே அனுமதி குடுத்தாச்சாம். உண்மைதான், ஆனா அது சிகோனோடைட், கடல் நத்தை விசத்தப் பாத்துச் செஞ்சது, வேற மருந்து ஒண்டும் கேக்காத கடும் நோவுக்கு முள்ளந்தண்டு நீருக்குள்ளேயே பம்ப் வெச்சு விடுறது, வயித்துல குத்துறது இல்ல. ரெண்டும் பெப்டைட்தானே எண்டு ஒரே தராசில வெச்சா, காளானெல்லாம் கறிக்கு ஆகும் எண்டு சொல்ற மாதிரித்தான்.

முண்ணாண் அழற்சிக்கும் இதையே போடலாம் எண்டு சொன்னதுதான் எனக்குப் பயம். உண்மையா அது வந்தா கால் மரத்துப் போகும், சலம் அடைக்கும், உடன ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எம்ஆர்ஐ எடுத்து ஸ்டீரொயிட் நாளத்துக்குள்ள ஏத்துவாங்க. இவங்கட தூள நம்பி நாள் கடத்தினா கால் போயிடும்.

மாமிக்கு இப்ப பெரியாஸ்பத்திரி கிளினிக்கில நரம்பு நோவுக்குக் குடுக்கிற பிரகபாலின் குளுசை. தூக்கமா வருது எண்டு புறுபுறுக்கா, எரிவு கொஞ்சம் குறைவு.

போறதெண்டா ஒண்டு, கார்ட் எடுக்க மாட்டாங்க, ஊசி போடாட்டியும் பாக்கிற காசு வாங்குவாங்க, பில் துண்டு கேட்டா தரமாட்டாங்க.