மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கும் பீத்தோவன்

செல்லோவுக்கும் (வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த ஒலிக் கருவி) பியானோவுக்கும் பீத்தோவன் எழுதிய ஐந்து சொனாட்டாக்களையும் (பல பாகங்கள் கொண்ட இசைப்படைப்புகள்) ஸ்டீவன் இசர்லிஸ் செல்லோவிலும் ராபர்ட் லெவின் பியானோவிலும் வாசித்த பதிவில் ஆறு வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஹைபீரியன் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இரண்டு வட்டுத் தொகுப்பு இது. லெவின் வாசிப்பது இன்றைய பியானோ அல்ல. வியன்னாவில் 1805 வாக்கில் வால்டர் பட்டறையில் செய்த கருவியைப் பார்த்து, பால் மெக்னல்டி நம் காலத்தில் செய்த ஃபோர்டேபியானோ, அதாவது அந்தக் காலத்துப் பியானோ. இசர்லிஸின் செல்லோவில் இருப்பவை விலங்குக் குடலைத் திரித்துச் செய்த குடல் தந்திகள்.

முதல் மாதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதற்கு முன் பல வருடங்கள், இதே சொனாட்டாக்களைச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சும் பியானோ கலைஞர் ரிக்டரும் 1960-களின் தொடக்கத்தில் பதிவு செய்ததையே கேட்டுப் பழகிய காது. அந்தக் கனத்துக்குப் பக்கத்தில் ஃபோர்டேபியானோ மெலிந்து, வறண்டு ஒலித்தது. ஒலியைக் கூட்டி வைத்தேன். இன்னும் மோசமானது.

மே மாத இரவு ஒன்றில் மின்சாரம் போய், மின்விசிறி நின்றிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. ஹெட்போனில் அந்த ஐந்தில் ஒன்றான ஓபஸ் 69 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). அதன் தொடக்கத்தில் செல்லோ தனியாகப் பாடி, கீழே இறங்கி ஒரே சுரத்தில் நிற்கும். அதன் மேல் பியானோ வந்து வாக்கியத்தை முடிக்கும். பெரிய பியானோவில் கேட்டபோதெல்லாம் பியானோ வந்ததுமே என் காது அதோடு போய்விடும். கீழே நிற்கும் அந்தச் சுரத்தை நான் கவனித்ததே இல்லை. அன்று அது கடைசி வரை கேட்டது. வில் குடல் தந்தியை உரசும் சொரசொரப்போடு, மூச்சு விடுவது போல.

காரணம் கருவியின் அமைப்பில் இருக்கிறது. ஃபோர்டேபியானோவுக்கு மரச் சட்டம். இன்றைய பியானோவின் இரும்புச் சட்டம் தாங்கும் இழுவிசை அதில் கிடையாது. சுத்தியல்கள் சிறியவை, தோல் போர்த்தியவை. தட்டியதும் ஒலி தெளிவாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். இடது கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் கீழ் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்குவதில்லை. செல்லோ நடமாடும் இடமும் அதுதான் என்பதால் அதற்கு வழி கிடைக்கிறது. செல்லோ வாசிப்பவர் பியானோவை மீறிக் கேட்கவேண்டும் என்று அழுத்த வேண்டியதில்லை. பியானோ வாசிப்பவரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம். லெவின் முழு பலத்தோடு பாய்கிறார்.

ஓபஸ் 5-இன் இரண்டு சொனாட்டாக்களும் 1796-இல் பெர்லின் அரசவைக்காகப் பிறந்தவை. மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்மே செல்லோ வாசிப்பவர். ஆனாலும் இவற்றில் பியானோவுக்குத்தான் வேலை அதிகம். இவற்றில் ஜி மைனர் என்ற ஸ்வர அமைப்பில் உள்ள சொனாட்டாவின் மெதுவான முன்னுரை முடியும் இடத்தில் நீண்ட மௌனங்கள் வரும். ஃபோர்டேபியானோவில் ஒலி முன்பே தேய்ந்திருப்பதால் மௌனம் எங்கே தொடங்கியது என்று தெரியாது. அந்த இடத்துக்காகவே இப்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஒலியைக் குறைத்து வையுங்கள். இரவில் கேளுங்கள். கார் பயணத்துக்கு இது ஆகாது, மென்மையான பகுதிகள் எல்லாம் இன்ஜின் சத்தத்தில் போய்விடும். ஒரு கடையில் நான் முதலில் வாங்கிய பிரதியில் இரண்டாம் வட்டு கீறலோடு வந்து, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். கையில் வந்த அன்றே முழுதும் ஓட்டிப் பாருங்கள். கூடவே, ஒரு மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் மூன்று வேரியேஷன் தொகுதிகள் வரும்; அவற்றில் மொசார்ட்டின் மேஜிக் ஃப்ளூட் ஓபராப் பாடல்களை வைத்து எழுதியவை இரண்டு. அவற்றைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் என் மனம் இன்னும் மாறவில்லை. ஓபஸ் 102-இன் இரண்டாவது சொனாட்டாவில் வரும் அடாஜியோ. ஐந்து சொனாட்டாக்களிலும் தனிப் பாகமாக விரியும் மெதுவான இசை இது ஒன்றுதான். அதன் கனத்த ஸ்வரக்கட்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) ஃபோர்டேபியானோவில் நான் விரும்பும் அளவுக்கு நீடிப்பதில்லை. அதற்கு மட்டும் ரிக்டரிடம் போய்விட்டு, பின்னால் வரும் ஃபியூகுக்கு (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் பகுதி) லெவினிடம் திரும்பி வருகிறேன்.