ஆறு வருஷம், ஐந்து பயணம், ஒரே ரீல்

அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து குளிர்காலத்தில் கிளம்பும் நீண்ட தூர மீன்பிடிப் படகுகளில் ஐந்து முறை போய் வந்துவிட்டேன். ஐந்து முறையும் பெரிய சூரைக்கென்று எடுத்துப் போனது ஒரே தூண்டில் ரீல்தான்: 50 வைட் என்ற பெரிய அளவு, வேகமாகச் சுற்ற ஒன்று, வலுவாகச் சுற்ற ஒன்று என இரண்டு கியர், லீவர் டிராக். டிராக் என்பது மீன் இழுக்கும்போது நூலை அளவாக வழுக்கவிடும் பிரேக்; அதை லீவரால் கூட்டிக் குறைக்கலாம். வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், டிராக்கைப் பராமரிக்கப் பொறுமை இருந்தால்.

நாங்கள் தேடிப் போவது மஞ்சள் துடுப்புச் சூரை. 200 பவுண்டைத் தாண்டினால் படகில் அதைக் ‘கௌ’ (பசு) என்பார்கள், 300 தாண்டினால் ‘சூப்பர் கௌ’. ஒரு காலத்தில் இதற்குப் பேர்போன இடம் மெக்சிகோவின் ரெவியாகிகேதோ தீவுகள். 1977-ல் அங்கே சான் பெனடிக்டோ தீவருகே பிடிபட்ட 388 பவுண்டு சூரை பல வருஷம் உலகச் சாதனையாக இருந்தது. 2017-ல் மெக்சிகோ அந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கி மீன்பிடிப்பைத் தடை செய்தது. எனக்கு அதில் மனப்பூர்வமான சம்மதம். இப்போது படகுகள் பசிபிக் நடுவே கடலடி மேடான ஹரிகேன் பேங்க் வரை ஓடுகின்றன. போய்ச் சேரவே நாலு நாள் ஆகும். அங்கே ரீல் மக்கர் செய்தால் ஓடிப்போய்ச் சரிசெய்யக் கடை கிடையாது.

ரீலில் 130 பவுண்டு பின்னல் நூல், நுனியில் தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளூரோகார்பன் நூல். ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்த்து டிராக்கை 40 பவுண்டில் வைப்பேன். அந்த இழுப்பைக் கையால் தாங்க முடியாது. தூண்டில் கம்பைப் படகின் விளிம்புக் கட்டையில் சாய்த்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். காற்றில் பறக்கவிட்ட பட்டத்தில் இரையாகக் கட்டிய கோலா மீன் நீர்மட்டத்தில் துள்ளும்போது சூரை கீழிருந்து வெடித்துக் கிளம்பும். முதல் ஓட்டத்தில் நூல் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் மீன் படகுக்கு நேர் கீழே வட்டமடிக்கத் தொடங்கும். இரண்டாவது கியரின் அருமை அப்போதுதான் தெரியும். வட்டம் மேலேறும்போது இரண்டு சுற்று, மூன்று சுற்று, அவ்வளவுதான் கிடைக்கும்; ஆனால் கிடைத்ததை ரீல் விட்டுக்கொடுக்காது. என் 231 பவுண்டு மீன் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படித்தான் அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது.

மூன்றாவது பயணத்தில்தான் அடி வாங்கினேன். டிராக் வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டுப் பிடித்தது. அந்த வெட்டலில் ஃப்ளூரோகார்பன் அறுந்து ஒரு நல்ல மீன் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. ஊர் திரும்பிப் பிரித்துப் பார்த்தால், டிராக் தட்டில் உப்பு பூத்திருந்தது. ஒவ்வொரு மாலையும் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறேன். அதுவே உப்பை உள்ளே தள்ளிவிட்டது.

அப்புறம் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். தண்ணீர் உள்ளே போகாதபடி லீவரை முழுக்க ஏற்றி தட்டுகளை இறுக்கிவிட்டு, மெல்லிய தூவலில் கழுவித் துணியால் துடைப்பேன். வீட்டில் வைக்கும்போது லீவரை முழுக்கத் தளர்த்திவிடுவேன், தட்டுகள் அழுந்திக் கிடக்கக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தட்டுகளுக்குப் புது கிரீஸ். அதற்குப் பிறகு வந்த இரண்டு பயணங்களிலும் டிராக் வெண்ணெய் மாதிரி போனது.

ஒரு நாள், இரண்டு நாள் பயணம் மட்டும் போகிறவர்களுக்கு இது வேண்டாம். எடை அதிகம், சிறிய மீனுக்குத் தேவையும் இல்லை. பத்து நாளுக்கு மேல் போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கூடவே தராசும் வாங்குங்கள், டிராக்கை விரல் கணக்கில் வைக்காதீர்கள்.