ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அசைன்மென்ட் கேட்பது: பல வருடம் பயன்படுத்தியவனின் பார்வையில்

புரோகிராமிங் சந்தேகங்களைக் கேட்டுப் பதில் வாங்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கல்லூரி அசைன்மென்ட்டைக் கேட்கவே கூடாது என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படியொரு தடை கிடையாது. 2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஆரம்பித்த அந்தத் தளத்தில் முதலில் கேள்வியை வகை பிரிக்க 'ஹோம்வொர்க்' என்றே ஒரு டேக் இருந்தது. 2012இல் அதை எடுத்துவிட்டார்கள். கேள்வி வீட்டுப்பாடமா ஆபீஸ் வேலையா என்று பிரித்து ஒட்டுவதில் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, கேள்வி ஒழுங்காக இருந்தால் போதும் என்பதுதான் விஷயம்.

படிக்கும்போது அங்கே கேட்டிருக்கிறேன். வேலைக்கு வந்தபிறகு பதில் எழுதுகிறேன். "முழு கோடு வேண்டும், நாளைக்கு சப்மிஷன், அவசரம்" என்று வரும் கேள்விக்கு எதிர் ஓட்டு விழுந்து மளமளவென்று மைனஸுக்குப் போகும். தளத்தில் 3000 மதிப்புப் புள்ளி சேர்த்திருக்கும் மூன்று பேர் ஓட்டுப் போட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள், அப்புறம் யாரும் பதில் எழுத முடியாது. 'அவசரம்' என்று போட்டால் இன்னும் மோசம். பதில் சொல்பவர் சம்பளம் இல்லாமல் தன் ஓய்வு நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சப்மிஷன் தேதி அவருக்கு எதற்கு?

நம்மூர்ப் பிள்ளைகளின் கேள்வியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். கோடின் மேலே கோனியோ.எச், அடுத்து வாய்ட் மெயின், உள்ளே கிளியர்ஸ்க்ர், கடைசியில் கெட்ச். டர்போ சி என்ற பழைய கம்பைலருக்கு எழுதிய சி கோடு! அதைப் பார்த்ததும் கேட்ட சந்தேகத்தை விட்டுவிட்டு, "இந்தப் பழைய கம்பைலரைத் தூக்கிப் போடு" என்று கமென்ட் வரிசை கட்டும். லேப்பில் அதுதான் இருக்கிறது, வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தாலும் அதில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது பெர்லினில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? "கல்லூரியில் டர்போ சி கட்டாயம்" என்று ஒரு வரி கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை குறையும். அதைவிட நல்லது, கோனியோ, கிளியர்ஸ்க்ர், கெட்ச் வரிகளை நீக்கிவிட்டு ஜிசிசி என்ற இலவச கம்பைலரில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பது. ஜிசிசி காட்டும் வார்னிங்கிலேயே பல சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஜாவா பக்கம் வருடாவருடம் தவறாமல் வரும் ஒன்று: "வயதைக் கேட்டு வாங்குகிறது, பெயரைக் கேட்காமல் தாண்டிப் போகிறது." நாம் தட்டுவதைப் படிக்கும் ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும்தான் எடுக்கும், நீங்கள் தட்டிய என்டர் அப்படியே நிற்கும். அடுத்து வரும், ஒரு வரியைப் படிக்கும் நெக்ஸ்ட்லைன் அந்த மிச்சத்தைக் காலி வரியாக எடுத்துக்கொண்டு போய்விடும். இடையில் ஒரு நெக்ஸ்ட்லைன் சும்மா போட்டால் சரியாகிவிடும். இதைக் கேட்டால் ஜாவா கேள்விகளுக்கு நிறையப் பதில் எழுதித் தங்கப் பேட்ஜ் வாங்கிய ஒருவர் தனியாளாகவே 'டூப்ளிகேட்' என்று மூடி, பழைய கேள்வியின் லிங்க்கை வைத்துவிட்டுப் போவார். மாணவருக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த லிங்க்கில்தான் முழு விளக்கமும் இருக்கிறது. மூடிவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டு அதைத் திறக்காமலே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கசப்புக்குக் காரணம், அது ட்யூஷன் சென்டர் இல்லை என்பதுதான். நாளைக்கு கூகுளில் தேடி வரப்போகிறவனுக்காகக் கேள்வி பதிலைச் சேர்த்து வைக்கும் இடம். உங்கள் ஐந்தாவது யூனிட் பயிற்சிக் கணக்கு அவனுக்கு உதவாது. அதில் நீங்கள் மாட்டிக்கொண்ட அந்த ஒரு இடம் உதவும். அதற்காக அங்கே நடக்கும் எகத்தாளப் பேச்சை நான் நியாயப்படுத்தவில்லை. புதியவர்களுக்கு எங்கள் தளம் இணக்கமாக இல்லை என்று 2018இல் அந்த நிறுவனமே எழுதியது.

இன்னொன்று, பதில் கிடைத்ததும் ஸ்டாஃப் பார்த்துவிடுவார் என்று பயந்து கேள்வியை அழிக்கப் பார்ப்பார்கள். பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டால் கேட்டவரால் அழிக்க முடியாது. வரிகளை நீக்கிக் காலியாக்கினாலும் யாராவது பழையபடி திருப்பி வைத்துவிடுவார்கள். வேரியபிள் பெயரை மாற்றிக் கொடுத்தால் தெரியாது என்பதும் வீண் நம்பிக்கை. கோடு காப்பியைக் கண்டுபிடிக்க அலெக்ஸ் ஐக்கன் 1994இல் உருவாக்கிய மாஸ் என்ற மென்பொருள் பெயரைப் பார்ப்பதில்லை, கோடின் அமைப்பைப் பார்க்கிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வைவாவில் "இந்த லூப் எதுக்குப்பா?" என்று ஒரு கேள்வி போதும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. சில நாட்களிலேயே, டிசம்பரில், அது எழுதிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. மாணவர்கள் நேராகவே சாட்ஜிபிடியிடம் போய்விட்டார்கள். திட்டு இல்லை, மைனஸ் இல்லை, நடுராத்திரியிலும் பதில். எனக்கு அதில் ஒரே ஒரு குறை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்பதற்காக இருநூறு வரியை இருபது வரியாகச் சுருக்கும்போது, பல தடவை தவறு எங்கே என்று எனக்கே தெரிந்து, கேள்வியைப் போடாமலே விண்டோவை மூடியிருக்கிறேன். சாட்பாட்டிடம் இருநூறையும் அப்படியே கொட்டிவிடலாம்.

இப்போது ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எங்கே கேட்பது என்று கேட்டால், எரர் மெசேஜ் என்றால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முதலில் தேடச் சொல்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாவிட்டால் ரெடிட் தளத்தின் லேர்ன்ப்ரோகிராமிங் என்ற குழு பரவாயில்லை. அங்கேயும் முழு விடை தர மாட்டார்கள், ஆனால் பேச ஆள் கிடைக்கும்.