80-ஐக் கழற்றி 100-ஐப் போட்டேன்: மூன்று வருட லேத் சக் அனுபவம்

பழைய டேபிள் ஃபேன்களுக்கு கன்மெட்டல் புஷ் (ஷாஃப்ட் சுழல உள்ளே போடும் வெண்கலக் குழல்) கடைந்து போடுவது என் பொழுதுபோக்கு. வீட்டில் இதைப் பொழுதுபோக்கு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை. பின்கட்டில் ஒரு மினி லேத் இருக்கிறது. பெட்டுக்கு (அடித்தண்டவாளத்துக்கு) மேல் 180 எம்எம் விட்டம் வரை சுழலும், நீளம் 350 எம்எம். கூடவே வந்தது 80 எம்எம் விட்டமுள்ள மூணு ஜா சக், அதாவது கடையும் பொருளை மூன்று தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடிப்பான்.

உள்ளும் வெளியும் ஒரே பிடியில் கடைந்து வெட்டி எடுத்தால் சக் எவ்வளவு ஆடினாலும் புஷ் சரியாகத்தான் வரும். திருப்பிப் பிடிக்கும்போதுதான் தொல்லை. என் பழைய சக்கில் திருப்பிப் பிடித்தால் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் 0.15 எம்எம் வரை போய் வந்தது. ஃபேன் ஷாஃப்டுக்கு அது ரொம்பவே அதிகம். புது சக் வாங்குவது என்று முடிவு செய்து ஆர்டரும் போட்டுவிட்டேன்.

ஆர்டர் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. பழைய சக்கைக் கழற்றிப் பார்த்தால், சக்கைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டிலின் ஃபிளாஞ்சுக்கும் (முனைத் தட்டு) சக்கின் முதுகுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் துணுக்கு நசுங்கிக் கிடந்தது. துடைத்து மறுபடி மாட்டினால் 0.09. ஆக, சக்கின் தலையில் நான் போட்ட பழியில் நல்ல பங்கு அழுக்குக்குச் சேர வேண்டியது. மீதி நிஜமாகவே சக்குடையது. மூன்று ஜாவின் நுனியிலும் தாள் துண்டு வைத்து ஒரு கம்பியை இறுக்கிப் பார்த்தேன். இழுத்ததும் தாள் மூன்றும் சுலபமாக வந்துவிட்டன. அதாவது ஜாக்கள் உள்ளே மட்டும் பிடிக்கின்றன, வாய்ப் பக்கம் தேய்ந்து விரிந்துவிட்டது.

அளக்கும் கம்பியிலும் ஒரு விஷயம் உண்டு. கடையில் வாங்கும் பிரைட் பார் (பளபளப்பான இரும்புக் கம்பி) சரியான உருண்டையாக இருக்கும் என்று நம்பக்கூடாது. நான் வைத்திருப்பது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் தலை ஓடும் தண்டு. கிரைண்ட் செய்த கம்பி, காயலான் கடையில் கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது.

அளவு விஷயத்தில் 125 எம்எம் சக்குக்குத்தான் முதலில் ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டால் சரிவரவில்லை. பெட்டிலிருந்து சென்டர் உயரம் 90. அந்தச் சக்கின் பாதி 62.5. ஜா கொஞ்சம் வெளியே நீண்டாலே பெட்டை முட்டப் பார்க்கும். எடையும் சின்ன மோட்டாருக்கு ஜாஸ்தி. விட்டம் கூடக்கூட அதைச் சுழற்றி எடுக்கும் பாரம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். தடிமன் மாறாத தட்டு என்று வைத்துக்கொண்டாலே 80-லிருந்து 100-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதனால் 100 எம்எம் மூணு ஜா சக்கான கே 11-100 வகையோடு நிறுத்திக்கொண்டேன். விற்றவர் போட்டிருந்த படத்தில் பேக் பிளேட்டும் (சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் வரும் தட்டு) இருந்தது, பெட்டியில் இல்லை. கேட்டதற்கு "படம் மாதிரிக்காக" என்று பதில் வந்தது. சண்டை போடத் தெம்பில்லை.

இங்கேதான் உண்மையான வேலை. 80 சக்கின் முதுகில் உள்ள பள்ளம் 55 எம்எம், போல்ட் வட்டம் 66, எம்6 போல்ட் மூன்று. 100-க்கு பள்ளம் 72, வட்டம் 84, எம்8 மூன்று. எதுவும் எதோடும் பொருந்தாது, நடுவில் ஒரு தட்டு வேண்டும். முன்பக்கமிருந்து எம்6 ஆலன் போல்ட் போட்டு ஸ்பிண்டிலில் மாட்டிவிடலாம் என்று காகிதத்தில் வரைந்தேன். போல்ட் தலை 10 எம்எம் விட்டம், அது 66 வட்டத்தில் உட்கார்ந்தால், சக்கின் பள்ளத்துக்குள் போக வேண்டிய தட்டின் 72 மேட்டின் விளிம்பைத் தின்றுவிடும். எனவே ஸ்டட் (தலையில்லாத போல்ட்). பின்னாலிருந்து தட்டுக்குள் பாதி ஆழம் வரை மட்டும் மரை போட்டு ஏற்ற வேண்டும். எம்8 தலைகளோ ஃபிளாஞ்சில் முட்டுகின்றன. அவற்றைத் தட்டுக்குள் புதைத்து, முதலில் தட்டைச் சக்கோடு முடுக்கி, பிறகு மொத்தமாக ஸ்பிண்டிலில் ஏற்றும்படி வைத்தேன். தலை புதைய இடம் வேண்டும் என்பதால் தட்டின் விட்டத்தை 110-ஆக விட்டேன்.

110 எம்எம் காஸ்ட் அயர்ன் கட்டியை என் பழைய சக் வெளியே பிடிக்காது. கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பின்பக்கம் ஃபேசிங் செய்து 55 பள்ளமும் துளைகளும் போட்டுத் தந்த டர்னர், முன்பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "இங்க சீவுனா எங்க மெசினுக்கு நேரா இருக்குமுங்க சார், உங்களுதுக்கு இருக்காது. உங்க மெசின்லயே ஏத்தி நீங்களே சீவிக்குங்க." இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அறிவுரை அதுதான், காசும் வாங்கவில்லை.

காஸ்ட் அயர்ன் கடைவது ஊரையே கறுப்பாக்கும் வேலை. முதல் வெட்டு மேல்தோலுக்கு அடியில் போக வேண்டும், தோலை மேலோட்டமாக உரசினால் டூல் முனை மழுங்கிவிடும். எண்ணெய் விடாமல் ஓட்டினேன். பெட் முழுக்க செய்தித்தாள் விரித்து, பிளாஸ்டிக் பைக்குள் காந்தம் வைத்துத் தூளை அள்ளினேன். அந்தத் தூள் எண்ணெயோடு கலந்து ஸ்லைடில் இறங்கினால் தேய்ப்புக் களிம்புதான்.

72 மேட்டை சக்கின் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வைக்க நினைத்தேன். கடைசி வெட்டில் அவசரப்பட்டு 0.06 எம்எம் குறைத்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் யோசித்தபோது, இந்த இடைவெளியும் நல்லதுதானே என்று பட்டது. போல்ட்டை அரைகுறையாக முடுக்கி, கம்பியில் டயலை வைத்து, நைலான் சுத்தியால் சக்கைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் முழுசாக இறுக்கினேன். 25 எம்எம் கம்பியில் 0.03. அதே சக்கில் 12 எம்எம் பிடித்தால் 0.07. ஜாக்களை நகர்த்தும் சுருள் மரையான ஸ்க்ரோலின் சுற்று எல்லா இடத்திலும் ஒரே துல்லியமாக இருக்காது என்பதால், ஒரு விட்டத்துக்குச் சரி செய்தால் இன்னொன்றில் கொஞ்சம் விலகத்தான் செய்யும். எனக்கு அடிக்கடி வரும் அளவு எதுவோ அதற்குச் சரி செய்தேன்.

மாட்டும் முன்பு சக்கை முழுக்கப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவியதைச் சொல்ல மறந்துவிட்டேன். புதுசுதானே என்று விடாதீர்கள். மெழுகு மாதிரியான கிரீஸுக்குள் கிரைண்டிங் தூள் நறநறவென்று இருந்தது. ஸ்க்ரோல் தொடங்கும் முனையிலும் பிசிறு. ஜாக்களை 1, 2, 3 வரிசையில்தான் ஏற்ற வேண்டும், மாற்றினால் நடுவில் சேராது. சாவி போடும் மூன்று துளையில் எதில் இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்தும் முள் மாறும். எனக்கு நன்றாக வந்த துளைக்குச் சிவப்பு நெய்ல் பாலிஷ் வைத்து, இறுக்குவதை அதில் மட்டும் செய்கிறேன்.

இந்த மூன்று வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது துல்லியம்கூட இல்லை, நடுத்துளை. பழைய சக்கில் 16 எம்எம், இதில் 22. என் ஸ்பிண்டில் துளை 20. முன்பெல்லாம் 18 எம்எம் ராடை ஹேக்சா பிளேடால் துண்டு போட வேண்டும், இப்போது நீளமாகவே உள்ளே தள்ளி ஓட்டுகிறேன். இதை யோசித்து வாங்கவில்லை, தானாக அமைந்தது.

இழந்ததும் உண்டு. தட்டும் பெரிய சக்குமாகச் சேர்ந்து பெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டன. நீளமான டிரில் போடும்போது டிரில்லைப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கைப் பின்னுக்குத் தள்ள இடம் போதவில்லை. ஃபிளாஞ்சுக்குப் பின்னால் அந்த எம்6 நட்டுகளை ஏற்ற விரல் நுழையாது. ஒரு ஸ்பேனரை வளைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். அப்படியும் ஒரு நட்டாவது கீழே விழாமல் இந்த வேலை முடிந்ததில்லை. சாவிக்கு ஒரு ஸ்பிரிங் போட்டேன், கையை எடுத்தால் வெளியே துள்ளிவிடும். சாவியைச் சக்கிலேயே விட்டு சுவிட்ச் போட்டவன் நான் என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துல்லியமும் கொஞ்சம் குறைந்தது: முதலில் 0.03 காட்டிய 25 எம்எம் கம்பியில் இப்போது 0.05 காட்டுகிறது.

ஒரே சக்தான் வாங்க முடியும் என்றால் இன்று நாலு ஜா தனித்தனியாக நகரும் சக்கைத்தான் வாங்குவேன். இரண்டாம் வருடம் அதுவும் வந்து சேர்ந்தது. 100 அளவில் அதற்கும் பள்ளம் 72, வட்டம் 84 என்பதால் அதே தட்டு போதும். ஒரு துளை பொதுவாக அமைய, இன்னும் மூன்று துளை போட்டேன். பொறுமையாக டயல் வைத்தால் 0.01-க்குள் கொண்டுவந்துவிடலாம். ஆரம்பத்தில் ஒரு ஜாபுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, இப்போது நாலைந்து நிமிடம். திருப்பிப் பிடிக்க வேண்டிய புஷ் எல்லாம் அதில்தான்.

பழைய 80-ஐத் தூக்கிப் போடவில்லை. டிரில்லிங் மெஷின் மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து முடுக்கியிருக்கிறேன். உருண்டைக் கம்பியை நிமிர்த்திப் பிடித்துத் துளை போட அதைவிட நல்ல வைஸ் என்னிடம் இல்லை.