சிசர் லிஃப்டா, பூம் லிஃப்டா? உயரம் மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்

உயரத்தில் வேலை செய்ய ஆளைத் தூக்கிச் செல்லும் லிஃப்டை வாடகைக்குக் கேட்டால் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை மீட்டர் ஏறணும்?" 12 என்று சொன்னால், 12 மீட்டர் ஏறுகிற ஏதோ ஒன்று மறுநாள் காலை சைட்டில் வந்து இறங்கிவிடும். அது சிசரா பூமா என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது, கிடங்கில் எது சும்மா நிற்கிறது என்பதுதான். உயரம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டும் ஆளைக் கவிழ்க்கிற விதம் வேறு வேறு.

சிசர் கத்தரி போல மடிந்து விரியும் கால்களில் நேராக மேலே போகும், நேராகக் கீழே வரும். தளம் அகலம். இரண்டு பேரும் சாமானும் தாராளமாக நிற்கலாம். சுற்றிலும் இடுப்புக்கு மேல் கம்பி இருப்பதால், தயாரிப்பாளரோ சைட் விதியோ கேட்டால் ஒழிய, ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) இல்லாமலே வேலை செய்கிறார்கள். இந்தச் சௌகரியத்தில்தான் சிக்கல். கை எட்ட இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கும். இறங்கி, வண்டியை நகர்த்தி, மறுபடி ஏற ஐந்து நிமிடம் ஆகும். சரி, ஒரு நிமிட வேலைதானே என்று நடுக்கம்பியில் ஒரு கால் வைப்பார், அல்லது பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுவார். அந்த நொடியில் கம்பியின் உயரம் இடுப்புக்கு வெகு கீழே போய்விடுகிறது.

அடுத்தது தரை. மின்கலத்தில் ஓடும் சிறிய சிசர்கள் வழவழப்பான கான்கிரீட் தளத்துக்குச் செய்யப்பட்டவை. பல மாடல்களில் பக்கவாட்டுச் சாய்வு 1.5 டிகிரியைத் தாண்டினாலே அலாரம் அடிக்கும். அது ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம், கண்ணுக்கே தெரியாது. தளம் உயரும்போது சக்கரங்களுக்கு நடுவே இரும்புத் தடுப்பு ஒன்று தரையை ஒட்டி இறங்கும். சக்கரம் குழியில் விழுந்தால் வண்டியைத் தாங்கிக்கொள்வது அதுதான். அதில் மரத்துண்டு சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. வெளியில் ஓட்ட அனுமதி உள்ள லிஃப்டுகளில் தாங்கக்கூடிய காற்று வேகம் பெரும்பாலும் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் என்று ஒட்டியிருக்கும். உள்ளரங்குக்கு மட்டும் என்ற சிசரில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில், கால்பந்துப் பயிற்சியைப் படம்பிடிக்க சிசரில் ஏறிய மாணவர் ஒருவர், பலத்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து இறந்துபோனார். தளத்தில் பேனரோ தகரமோ கட்டினால் அது பாய்மரம்தான். காற்றின் வேகம் கூடவேண்டிய அவசியமே இல்லை.

பூம் லிஃப்ட் வேறு ஜாதி: நீண்ட கை, அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடை. தடையைத் தாண்டி, வளைந்து, குழாய்களுக்கு நடுவே போகும். அதற்கு விலையும் உண்டு. கீழே ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் தட்டினால், நீண்ட கையின் நுனியில் இருக்கும் கூடை கவண் போலச் சுண்டும். உள்ளே நிற்பவர் தூக்கியெறியப்படுவது இப்படித்தான். அதனால் பூமில் ஹார்னஸ் கட்டாயம், அதில் பேச்சுக்கே இடமில்லை. லேன்யார்டு, அதாவது ஹார்னஸைக் கூடையோடு இணைக்கும் கயிறு, குட்டையாக இருக்கவேண்டும், கூடைக்குள் அதற்கென்று உள்ள வளையத்தில்தான் மாட்டவேண்டும். பக்கத்து உத்திரத்தில் மாட்டிவிட்டு யாராவது கூடையை நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கணக்கில் இதைவிட மோசமானது நசுங்குவது. ஆப்பரேட்டர் முன்னால் பார்த்துக்கொண்டே கூடையைப் பின்னோக்கி ஏற்றுகிறார். முதுகில் உத்திரம் முட்டுகிறது. உடம்பு கட்டுப்பாட்டுப் பலகை மேல் சரிகிறது, அந்த அழுத்தமே லீவரைப் பிடித்து வைக்கிறது, கூடை இன்னும் ஏறுகிறது. அவரால் கத்தக்கூட முடியாது. பலகைக்கு மேல் அழுத்தம் பட்டால் வண்டியை நிறுத்துகிற தடுப்பு உள்ள பூம் கிடைத்தால், சற்று வாடகை கூடினாலும் அதையே கேளுங்கள். இன்னொன்று: மேல்பகுதி பாதி சுற்றியிருந்தால் 'முன்னே' என்று தள்ளுவது பின்னே போகும். அடிச்சட்டத்தில் உள்ள அம்புக்குறிகளை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டுவது நல்லது.

மின்கம்பி விஷயத்தில் இரண்டும் ஒன்றே. ரப்பர் சக்கரம் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. மின்காப்பு செய்த சிறப்பு வண்டி தவிர எதுவும் கம்பிக்குப் பக்கத்தில் போகக்கூடாது. அமெரிக்க விதி 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது.

ஒரே சுவரில் வாரக்கணக்கில் வேலை என்றால் இரண்டுமே வேண்டாம், சாரம் போடுங்கள்.

சமதளம், தலைக்கு நேர் மேலே வேலை, கூரைக்கு உள்ளே: யோசிக்காமல் சிசர். எதையாவது தாண்டிப் போகவேண்டும் என்றால் மட்டும் பூம். இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் நான் ஒன்றைக் கேட்பேன்: மேலே இருப்பவர் மயங்கினால் கீழே நிற்பவர் எப்படி இறக்குவார்? சிசரில் பெரும்பாலும் அடிச்சட்டத்தில் ஒரு கைப்பிடியை இழுத்தால் தளம் நேராக இறங்கிவிடும். பூமில் கீழ்க் கட்டுப்பாட்டைத் திருப்பி, துணைப் பம்பை ஓடவிட்டு, வளைந்த கையைத் தடைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல விடுவிக்கவேண்டும். அதைச் செய்து பழகிய ஆள் கீழே இல்லாத நாளில் பூமைக் கிளப்பவே கூடாது.