ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட்: முதலுக்கு மோசமில்லை, அவசரத்துக்கு உதவாது

தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை இடைத்தரகர் இல்லாமல் வாங்குவதற்காக ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீட்டெய்ல் டைரக்ட் சேவையில், கணக்குத் தொடங்கவும் பராமரிக்கவும் கட்டணம் கிடையாது. மத்திய அரசின் நீண்டகாலப் பத்திரங்கள், 91, 182, 364 நாளில் முதிரும் கருவூல உண்டியல்கள் எனப்படும் குறுகியகாலப் பத்திரங்கள், தமிழ்நாடு உள்ளிட்ட மாநில அரசுகளின் கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் ஏலங்களில் 10,000 ரூபாய் முதல் பங்கேற்கலாம். விலை எதையும் நாம் கேட்க வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் போட்டியிட்டு வாங்கும் சராசரி விலையே நமக்கும் கிடைக்கிறது. சிறு முதலீட்டாளருக்கு இப்படியொரு சமவாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு. அரசுப் பத்திரத்தில் அத்தகைய வரம்பு எழுவதில்லை, ஏனெனில் கடன்பட்டிருப்பது அரசே. சொத்தை ஈடு காட்டி நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களை நம் ஊரில் பலர் இதற்கு இணையாகக் கருதுகிறார்கள். நிறுவனம் நொடித்தால் அந்த ஈட்டை விற்றுப் பணமாக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதை விற்பனை முகவர்கள் சொல்வதில்லை. ஈடு எதுவும் இல்லாத அரசின் உறுதிமொழியே இங்கு வலுவானது.

ஆனால் அந்த உறுதிமொழி முதிர்வு நாளுக்குத்தான், இடைப்பட்ட நாட்களுக்கு அல்ல. 7 சதவீத வட்டியுள்ள பத்தாண்டுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கிய உடனே சந்தை வட்டி 8 சதவீதமானால், புதிய பத்திரங்கள் கூடுதல் வட்டி தருவதால் நம் பத்திரத்தின் விலை சுமார் 93 ரூபாயாகக் குறைந்துவிடும். அன்று விற்க நேர்ந்தால் நட்டம் நட்டம்தான். அதோடு, இச்சந்தையில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு வணிகம் செய்யும் நிறுவனங்களே மிகுதி என்பதால், சில ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்துக்கு நியாயமான விலை சொல்லும் ஆள் உடனே அகப்படுவது அரிது. பத்திரத்தை அடமானம் வைக்க வழி உண்டு என்றாலும், நகைக்கடனின் வேகத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஐந்தாண்டில் வரவிருக்கும் கல்விச் செலவுக்கு அதே காலத்தில் முதிரும் பத்திரத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தை மட்டும் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைக்கலாம். அரையாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வந்துசேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.